நாங்கள் ஜப்பானை முந்திய செப்டம்பர்

செப்டம்பர் 8, திங்கள்

ஜப்பானை முந்திவிட்டோம்!

இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. இந்த நோட்டு என்றைக்காவது யார் கையிலாவது சிக்கினால் அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று முதலிலிருந்து சொல்கிறேன். கோவையில், கணபதிப் பக்கம், பம்ப் செய்கிற சிறு முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் 'புள்ளிவிவர உதவியாளர்' என்ற பெரிய பெயரில் ஒரு தற்காலிக வேலை. எம்.காம். படித்ததற்கு உறுப்பினர் பட்டறைகளின் மாத உற்பத்தியைக் கணினியில் ஏற்றுவேன், மாடி மண்டபத்தை வளைகாப்புக்கு வாடகைக்குக் கேட்பவர்களுக்குத் தேதி சொல்வேன்.

போன வாரம் தலைவர் சென்னியப்பன் கூப்பிட்டார். "அம்மிணி, இந்த வருசம் ஆயுத பூஜைக்கு ஜப்பான்ல ஒசாகா பம்ப் ஆலைல இருந்து நிஷிமுரான்னு ஒருத்தரு வர்றாரு. நம்ம நாடும் அவங்க நாடும் தொழில்ல எப்படி வந்திருக்குதுன்னு பெருசா ஒரு படம் போட்டு மாட்டோணும். பாத்தா பிரமிக்கோணும்" என்றார்.

இன்று ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் இரண்டு நாட்டுத் தொழில் உற்பத்தியும் வருடவாரியாகக் கிடைத்தது. இரண்டு கோடுகளாகப் போட்டேன். 2012இல் நாமும் நூறு, அவர்களும் நூறு. ஓட்டப் பந்தயத்தில் ஒரே கோட்டில் நிற்கிற மாதிரி என்ன பொருத்தம் பாருங்கள்! அதற்குப் பிறகு நம் கோடு கொரோனா வருடத்தில் மட்டும் சறுக்கி, மறுபடி எழுந்து ஏறிக்கொண்டே போகிறது. அவர்கள் கோடு பாய் விரித்துப் படுத்துவிட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தியே விட்டேன்.

அந்த நேரம் பார்த்து தினகரன் வந்து நின்றார். இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு பவுண்டரியில் தரம் பார்க்கிற எஞ்சினியர். மாதாமாதம் அவர்கள் கணக்கைக் கொண்டுவந்து தருவார். ஒசாகா ஆலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்குச் சங்கம் அனுப்பப்போகிற எட்டுப் பேரில் அவரும் ஒருவர். போனிலேயே ஜப்பானிய மொழி படிக்கிறார்.

"நெசமாலுமா?" என்று குனிந்து பார்த்தவர், "ஸுகோய்!" என்றார். பிரமாதம் என்று அர்த்தமாம். நீலக் கட்டம் போட்ட சட்டை.

வீட்டில் வழக்கம்போலத் துணிமலை. பிரசவத்துக்கு வந்த கோமதி அக்கா இன்னும் இங்கேதான் இருக்கிறாள். குறைமாதத்தில் பிறந்த குட்டிப் பையன். மூன்று மாதம் ஆகப்போகிறது. நனைத்த துணிகளை அலசும்போதுகூட எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸுகோய், ஸுகோய், ஸுகோய். அம்மா எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

தலைவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "மேல இருக்கற கோடு நம்மளுதா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார். நம்முடையதுதான் என்றேன். மேஜையில் ஒரு தட்டுத் தட்டியதில் காபி டம்ளர் கவிழ்ந்தது. அதைத் துடைக்கக்கூட விடாமல் ஊரில் உள்ள அத்தனை பம்ப் முதலாளிகளுக்கும் போன் போட ஆரம்பித்தார். "ஏனுங்க, சங்கதி தெரியுமுங்களா? ஜப்பான்காரனத் தாண்டிட்டமுங்க!"

போன்களுக்கு நடுவில் என்னைப் பார்த்து, "உன்னயத் தற்காலிகமா வெச்சிருக்கறது தப்பு. விழா முடியட்டும், பர்மனென்ட்டுக்கு லெட்டர் அடிச்சர்லாம்" என்றார். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. இருந்தாலும் அம்மாவிடம் சொன்னேன், அம்மா மாமாவிடம் சொன்னாள், மாமா தெருவுக்கே சொல்லிவிட்டார்.

மாலை பிளெக்ஸ் கடைக்குப் போனேன். மண்டபத்துச் சுவர் நீளத்துக்குப் பேனர். கடைக்காரர், "அடியில பொடி எழுத்துல ஏதோ இருக்குதுங்களே, படிக்கவே முடியாது, வேணுங்களா?" என்றார். 'அடிப்படை ஆண்டு' என்று ஏதோ ஒரு வரி. பேனரில் அழகைக் கெடுத்தது. எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் ஒரு பம்ப் படம் போட்டிருக்கிறார், ஜோராக இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

தினகரன் கணக்குத் தாளில் ஒரு எண்ணை விட்டுவிட்டாராம், திருத்த வந்தார். போனில் சொல்லியிருக்கலாம். ஒன்று முதல் பத்துவரை ஜப்பானிய மொழியில் சொல்லிக் காட்டினார். நான்காவதில் தடுமாறினார், நான் எடுத்துக் கொடுத்தேன். நானும் சும்மா போனில் பார்த்து வைத்திருந்தேன். சங்க வேலைக்குப் பயன்படும்.

அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அக்டோபர் கடைசில போனா ஏப்ரல் வந்துருங்க. குளிரெல்லாம் பாத்தா ஆகுமுங்களா?" என்றார். ஏப்ரல்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று செயற்குழு. என் படம் மேஜை நடுவில். சுற்றி வேட்டி சட்டைகள். எல்லோரும் என்னைப் பாராட்டிய பாராட்டில் கால் நிலத்தில் நிற்கவில்லை. அப்புறம் தலைவர் எழுந்தார்.

"முந்திப் போனவன் பின்னாடி நிக்கறவங்கிட்டப் போயிப் படிக்கறதா? நாம எட்டுப் பேர அனுப்பறதுல என்ன இருக்குது? வேணும்னா அவங்க எட்டுப் பேரு இங்க வரட்டும். விழா மேடைலயே நிஷிமுராகிட்டப் பக்குவமாச் சொல்லிப்போடலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பயிற்சி ரத்து.

எட்டுப் பேருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். எனக்கும் வருத்தம்தான். வரும் வழியில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கினேன், கோமதிக்குப் பிடிக்குமே என்று. பால் கொடுக்கிறவளுக்கு ஜிலேபியா என்று அம்மா திட்டினாள். நானே தின்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

தினகரன் வந்தார். ஸுகோய் இல்லை, ஒன்று இரண்டு இல்லை. "முந்திட்டம்னா சந்தோசந்தானுங்க" என்றார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "ஆனா எங்க வார்ப்புல இன்னமும் ஓட்டை விழுதுங்க. அங்க எப்படி விழாம ஊத்தறாங்கன்னு பக்கத்துல நின்னு பாக்கோணும்னு ஒரு ஆசை. அவ்வளவுதான்."

"இங்கேயே நின்னும் பாக்கலாமே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. டீ ஆறிப் போனதைக் கவனிக்காமல் அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 27, சனி

குட்டியை டாக்டரிடம் எடைபோட்டுக் கொண்டுவந்தோம். பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லாதவன், இப்போது நான்கைத் தொட்டுவிட்டான். அம்மா வாசலிலேயே திருஷ்டி சுற்றினாள். எங்கள் வீட்டில் இன்று தீபாவளிதான்.

கோமதியின் ஓரகத்திக்கும் அதே வாரத்தில் ஒரு பையன் பிறந்தான். பிறக்கும்போதே மூன்றரைக் கிலோ. அதைச் சொல்லிச் சொல்லியே இவளை அழவைத்திருக்கிறார்கள். இன்று இவள் முறை. போனில் குதித்தாள்: "எங்க பையன் ரெண்டு மடங்காயிட்டான். உங்க பையன் ரெண்டு மடங்காயிட்டானா? ஆகல இல்ல? அப்ப யாரு முந்துனது?"

நான் வாளியில் துணி அலசிக்கொண்டே சிரித்தேன். "அக்கா, அவன் இப்ப ஆறு கிலோ இருக்கான். நம்மாளு நாலு. ரெண்டு பேரும் பொறந்தப்ப சமமா என்ன? அவனவன் பொறந்த எடையிலிருந்து அவனவன் எவ்வளவு வளந்தான்னுதான் நீ சொல்றே. அதை வெச்சு முந்திட்டான்னு சொல்ல..."

வாளி நிறைந்து வழிந்து சமையலறை வரைக்கும் தண்ணீர் போய்விட்டது. அம்மா கத்தியது எங்கோ கேட்டது.

இரண்டு நாடும் 2012இல் நூறு.

செப்டம்பர் 28, ஞாயிறு

சரிபார்த்தேன். மூன்று இடத்தில் சரிபார்த்தேன். அந்த நூறு, நூறு பம்ப்பும் இல்லை, நூறு டன்னும் இல்லை. ஒவ்வொரு நாடும் அந்த வருடம் செய்தது எவ்வளவாக இருந்தாலும் அதற்கு நூறு என்று பெயர் வைத்துவிட்டு, அதிலிருந்து தான் எவ்வளவு வளர்ந்தேன் என்று தன்னையே அளந்துகொள்கிறது. ஆட்டுக்குட்டிக்கும் நூறு, யானைக்கும் நூறு. டாலரில் மொத்த மதிப்பைத் தேடிப் பார்த்தேன். ஜப்பான் ஆலைகள் செய்வது இன்னும் நம்மைவிடப் பெரிது. கொஞ்ச நஞ்சம் இல்லை, நன்றாகவே பெரிது.

குறியீட்டு எண் என்றால் என்ன, அடிப்படை ஆண்டு என்றால் என்ன என்று பி.காம். இரண்டாம் வருடம் நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த அடிப்படை ஆண்டைத்தான் பிளெக்ஸ் கடையில் எடுத்துவிட்டுப் பம்ப் படம் போடச் சொன்னேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், புரிந்துவிட்டதே என்று ஒரு குதூகலமும் இருந்தது. நம் கோடு ஏறியது பொய்யில்லை. குட்டி நான்கு கிலோ ஆனது பொய்யில்லை. 'முந்தி' என்ற ஒரு வார்த்தைதான் பொய்.

நாளைக் காலை முதல் வேலையாகத் தலைவரிடம் சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 29, திங்கள்

சொல்லவில்லை. தலைவர் காலை முழுதும் பந்தல்காரரோடு இருந்தார். மதியம் அவர் சாப்பிடும்போது தொந்தரவு செய்யக்கூடாது. சாயங்காலம் எனக்குத் தலைவலி.

தினகரன் வந்திருந்தார். "இனி மாசாமாசம் கணக்கு நானே கொண்டாறனுங்க. எங்கயும் போகலையே" என்று சிரித்தார். நன்றாகச் சிரிக்கவில்லை. "நல்லதுதானே" என்றேன்.

வீட்டுக் குழாயில் வாஷர் தேய்ந்திருக்கிறது, மாற்றவேண்டும். பூஜைக்குப் பொரி, கடலை, வாழைக்கன்று வாங்கியாயிற்று.

நாளைக்குச் சொன்னாலும் நேரம் இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் முன்னதாகவே போனேன். எனக்கு முன்னால் பூஜை வந்துவிட்டது! ஆபீஸ் முழுக்கக் கழுவிவிட்டு, கணினி, பிரிண்டர், கால்குலேட்டர், ஸ்டேப்லர் உள்படச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மாடி மண்டபத்தில் பேனரையும் மாட்டி அதற்கும் மாலை. நம் கோட்டின் உச்சியில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு.

"ஐயா, அந்தப் படத்துல ஒரு சின்னத் திருத்தம். கம்ப்யூட்டரைக் கொஞ்சம் போட்டா..." என்றேன்.

தலைவர் பதறிவிட்டார். "பூஜைல வெச்சதத் தொடலாமா அம்மிணி? விஜயதசமியன்னைக்கு எடுக்கறதுதானே மொறை. சின்னத் திருத்தந்தானே, அப்பறம் பாத்துக்கலாம். இங்க பாரு!" என்று மாலைக்குக் கீழே இருந்த உறையைக் காட்டினார். என் நிரந்தர வேலைக் கடிதம். அதற்கும் பொட்டு.

சின்ன என்று ஏன் சொன்னேன்? பெரிய என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பார். கேட்டிருந்தால் ரத்தான பயிற்சி மறுபடி உண்டு என்று ஆகியிருக்கும். அதற்காகத்தான் சின்ன என்று சொன்னேனோ? இந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

என்ன நாள்! உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், அதனால் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

மண்டபம் நிறையக் கூட்டம். முதலாளிகள், பட்டறைத் தொழிலாளர்கள், குடும்பங்கள், எல்லோர் கையிலும் காகிதப் பொட்டலத்தில் பொரி கடலை. வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. நிஷிமுரா மெலிந்த மனிதர், நெற்றியில் தலைவர் இட்ட விபூதி, காலில் செருப்பில்லை. மொழிபெயர்க்கத் தினகரனை உட்காரவைத்திருந்தார்கள். போகமுடியாத ஊரின் மொழியை இந்த மனிதர் சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

நிஷிமுரா பேனரைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் எதையோ தேடினார், பம்ப் படம்தான் இருந்தது. தினகரனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். தினகரன் என்னைப் பார்த்தார்.

அதே நேரம் தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்தப் படத்தப் போட்டது நம்ம வசுமதி அம்மிணி. அவங்க வாயாலயே வெளக்கஞ் சொல்லுவாங்க. அதுக்கப்பறம் நான் ஒரு முக்கியமான அறிவிப்பு சொல்லோணும்."

மேடைக்கு ஏறினேன். கணினி இல்லை, காகிதம் இல்லை, மேஜைமேல் பொரித் தட்டு மட்டும்தான் இருந்தது.

"எல்லாரும் உங்க பொட்டலத்தப் பிரிங்க" என்றேன். சிரித்தார்கள், பிரித்தார்கள். நான் மேஜையில் ஒரு கைப்பிடிப் பொரியைக் குவித்தேன். பக்கத்தில் தட்டிலிருந்த மீதி அத்தனையையும் கொட்டினேன். "இந்தச் சின்னது நாம. இந்தப் பெருசு ஜப்பான். பன்னிரண்டாம் வருசத்துல இப்படி இருந்தோம்னு வெச்சுக்குங்க. இந்தப் படத்துல ரெண்டு குவியலுக்கும் நூறுன்னு ஒரே பேரு வெச்சிருக்கேன். இது நூறு, இதுவும் நூறு. சரியா?"

"சரியில்ல!" என்று முன்வரிசையில் ஒரு அம்மா உரக்கச் சொன்னார். கூட்டம் சிரித்தது.

"சரியில்லதாங்க." சின்னக் குவியலில் இன்னும் அரைக் கைப்பிடி போட்டேன். பெரியதைத் தொடவில்லை. "இப்ப நாம நூத்தம்பது. அவங்க நூறு. நம்ம கோடு மேல, அவங்க கோடு கீழ. யாரு முந்துனது?"

யாரும் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்தார்கள், பேனரைப் பார்த்தார்கள். தலைவர் முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது.

"நாம வளந்திருக்கோம். வேகமா வளந்திருக்கோம். அது நெசம், அதுக்குக் கைதட்டலாம். ஆனா முந்தலைங்க. முந்திட்டோம்னு சொன்னது என் தப்பு. மூணு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும், அதச் சொல்லாம இருந்ததும் என் தப்பு" என்றேன். மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் பொரியிலேயே வைத்தேன்.

தினகரன் நிஷிமுராவின் காதில் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து வந்தார். பெரிய குவியலைச் சுட்டி ஏதோ சொன்னார். தினகரன் மொழிபெயர்த்தார்: "ரொம்ப வருசமா இது வளரவே இல்லீங்களாம். எப்படி இவ்வளவு வேகமா வளந்தீங்கன்னு உங்ககிட்டக் கேக்கத்தான் அவரு வந்தாராம்." பிறகு நிஷிமுரா சின்னக் குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தலைவர் மெதுவாக மேஜைக்கு வந்தார். இரண்டு குவியலையும் வெகுநேரம் பார்த்தார். கடைசியில் மைக்கைப் பொரியிலிருந்து எடுத்து ஊதிவிட்டுச் சொன்னார்:

"அறிவிப்பு என்னன்னா... எட்டுப் பேரும் ஒசாகா போறாங்க. இந்தப் பெரிய குவியல் எப்படி இவ்வளவு பெருசாச்சுன்னு பாத்துட்டு வாங்கடா. அவங்காளுக எட்டுப் பேரு இங்க வரட்டும். இது எப்படி வளருதுன்னு நாம காட்டலாம்."

மண்டபம் அதிர்ந்தது! விசில்! நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒரே முகத்தில் செய்தேன். கீழே இறங்கும்போது தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்ற லெட்டரு பூஜைல இருக்குது. நாளைக்கு எடுக்கறனா கிழிக்கறனான்னு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

கிழிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. இன்னும் ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் யோசிக்கலாம் என்றார். ஆறு மாதம்! தலைவர் திட்டிய திட்டில் பாதி எனக்குக் காதில் விழவே இல்லை, ஏப்ரலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேனர் இறங்கிவிட்டது. குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

தினகரன் கடைசிக் கணக்கைக் கொண்டுவந்தார். நாளை விமானம். தாளைக் கொடுத்துவிட்டும் போகவில்லை.

"அன்னைக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இங்கயேதான் இருந்திருப்பேன்" என்றார்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் மூணு நாள் சொல்லாம இருந்தேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன்! இந்த நோட்டிடம்கூட நேராகச் சொல்லாததை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். அவர் காது நுனிவரை சிவந்து, எதிரில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "ஏப்ரல்ல கணக்கு நானே கொண்டாறனுங்க" என்றார். இந்தத் தடவை நன்றாகச் சிரித்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து குட்டியைத் தூக்கிச் சுற்றினேன். கோமதி கத்தினாள். சமையலறைச் சுவர் நாள்காட்டியில் இன்றைய தேதிக்குமேல் பெரிதாக எழுதியிருக்கிறேன்: இன்று = 100. அடிக்குறிப்பை இந்தத் தடவை எடுக்கவில்லை. பொடி எழுத்தில் கீழே இருக்கிறது: வேறு யாரோடும் ஒப்பிடுவதற்கு அல்ல.